பிளாஸ்டருக்குக் கீழே உன் வாய்

என் அம்மாடி,

உனக்கென்று எடுத்து வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் படிக்கிற கடிதம் இது. அந்தப் பெயர் நம் மூன்று பேருக்குள்ளேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் உன் காலில் கட்டியிருந்த பட்டையில்கூட உன் அம்மாவின் பெயர்தான் இருந்தது. பெயர் வைக்கிற நாள்வரை நீ தங்கவில்லை. மூன்று நாள் இருந்தாய்.

அம்மாவின் ஊரான பொந்தியானில் பிறந்தாய், மாசம் நிறையும் முன்னே, ஆபரேஷனில். அம்மா மயக்கம் தெளிவதற்குள் உன்னை ஆம்புலன்ஸில் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, எழுந்து உட்காரவே முடியாது, பொந்தியானிலேயே கிடந்தாள். அவள் உன்னைப் பார்த்ததெல்லாம் நான் போனில் அனுப்பிய ஒரே ஒரு படத்தில்தான். ஏன் ஒன்றே ஒன்று எடுத்தேன்? நாளைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் படத்தில் உன் வாய் தெரியாது. மூச்சுக்குழாய் நகராமலிருக்க வாய்க்குக் குறுக்கே, இரண்டு கன்னம்வரை, அகலமாக வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். "போலே பெகாங், என்சிக்" என்றார் மலாய்க்கார நர்ஸ், தொடலாம் என்று. ஒரு விரலால் உன் பாதத்தைத் தொட்டேன். பிறகு படத்தை அனுப்பி, "உன் பொண்ணு மீசை வெச்சிருக்கா பாரு" என்று அம்மாவுக்கு எழுதினேன். அவளும் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். குழாய், பிளாஸ்டர் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துவிட்டதாக அதே நர்ஸ் சொன்னார். துணியின் ஒரு முனையை மடித்து உன் முகத்தின்மேல் போட்டிருந்தார்கள். என் பெரியப்பா கார் ஓட்ட, நான் பின்சீட்டில், நீ என் மடியில். பொந்தியான் இடுகாட்டுக்கு ஒரு மணி நேரப் பாதை.

பெக்கான் நானாஸ் பக்கம் வரும்போது அந்தத் துணி முனையில் கை வைத்தேன். பெரியப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டார். "வேணாம்யா, தொறக்காத. பார்த்துட்டா அப்புறம் அதேதான் கண்ணுல நிக்கும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அரைமணிப் பாதை இருந்தது. நான் விலக்கவில்லை. அப்படியே உன்னைக் குழிக்குள் இறக்கினேன்.

அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்த அன்றே கேட்டாள். "பிளாஸ்டர் எடுத்தப்புறம் நீங்க பார்த்தீங்கல்ல? வாய் எப்படி இருந்துச்சு?"

"உன்ன மாதிரியேதான்" என்றேன்.

அழுதாள். அழுதுகொண்டே கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது? அப்படியே விட்டுவிட்டேன்.

பிஞ்சில் போன பிள்ளைக்குப் படம் மாட்டக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். உன் அம்மா எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள். "செவுத்துல மாட்ட வேணாம்ங்க. கையில வெச்சுப் பார்க்க ஒண்ணு வேணும். போன்ல விரல் பட்டாலே ஓடிப் போயிடுறா."

அது என்னால் முடிகிற காரியம், அம்மாடி. செனாயில் ஒரு சர்க்யூட் போர்டு பேக்டரியில் ஃபிலிம் அடிக்கிற செக்‌ஷனில்தான் எனக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீட்டு ஸ்டோர் ரூம் எனக்கு இருட்டறை. போன் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாக மாற்றி, தெளிவான பிளாஸ்டிக் தாளில் பிரிண்டரில் அடித்தால் அதுதான் நெகட்டிவ். அதைப் போட்டோ பேப்பர்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில நொடி வெளிச்சம் காட்டிவிட்டு மருந்துத் தட்டில் போட வேண்டும். சிவப்பு விளக்கில் படம் மெல்ல எழும்பி வரும்.

முதல் நெகட்டிவை இடம் வலம் மாற்றாமல் அடித்துவிட்டேன். குழாய் வாயின் மறுபக்கத்திலிருந்து வந்தது. இரண்டாவதில், நம் ஊர் ஈரத்துக்கு மை காயவே இல்லை. எடுத்துப் பார்த்தால் உன் நெற்றியில் என் கட்டைவிரல் ரேகை. அம்மாவின் ஹேர் டிரையரைக் கடன் வாங்கித்தான் மூன்றாவதைக் காயவைத்தேன்.

அதற்குள் உன் சித்தி ஒரு வேலை செய்தாள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஏதோ ஒரு ஆப்பில் பிளாஸ்டரை அழித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். "ஒரே ஒரு தட்டுதான் மாமா, தானா வந்துருச்சு லா" என்றாள். பொம்மை மாதிரி ஒரு வாய். அம்மா அதை அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியா இருந்துச்சு?"

"இப்படி இல்ல" என்றேன். அது மட்டும் எப்படித் தெரிந்ததோ.

"அப்ப நீங்களே செய்ங்க. பிளாஸ்டர் இல்லாம. நீங்க பார்த்த மாதிரி."

எட்டு மாதம் இழுத்தடித்தேன். மை சரியில்லை, பேப்பர் வரவில்லை, என்னென்னவோ சாக்கு. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? உன் அம்மாவின் தொட்டில் வயதுப் படம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வாயை வெட்டி எடுத்து உன் முகத்தில் பொருத்தினேன். உன்ன மாதிரியேதான் என்று சொல்லியிருந்தேனே, அந்தப் பொய்க்குத் தகுந்த வாய்.

மருந்தில் போட்டதும் எழும்பி வந்தது. ரொம்ப அழகு. தையல் தெரியாத வேலை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளையோ அது. இதைக் கையில் கொடுத்தால் அவள் ஆயுள் முழுக்க இதைத்தான் முத்தமிடுவாள், தன் வாயையே உன் வாய் என்று நினைத்து. வெள்ளை விளக்கைப் போட்டேன். தட்டுக்குள்ளேயே படம் மொத்தமும் கறுத்துப் போனது.

அடுத்த ஞாயிறு பிளாஸ்டரோடு உள்ள பழைய நெகட்டிவையே எடுத்தேன். அதில் உன் தலைமுடி கண்ணாடி போலத் தெளிவு, பிளாஸ்டர் மட்டும் அட்டைக்கறுப்பு. அதன் வழியாக வெளிச்சம் இறங்காது. அதனால் அச்சில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை, வெறும் தாள்தான். உன் புருவமும் மூக்கும் சுருங்கிய நெற்றியும் துல்லியமாக வந்திருந்தன. கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினேன். அம்மா வந்து பார்த்தாள்.

"பிளாஸ்டர எடுக்கலையா?"

"எடுக்கத் தெரியல. நான் பார்க்கல. துணிய வெலக்கவே இல்ல. உங்கிட்ட சொன்னது பொய்."

கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சத்தம்கூடப் போடவில்லை. "ஒரு மணி நேரம் மடியில வெச்சிருந்தீங்க. எனக்குத்தான் குடுத்து வைக்கல. உங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?"

அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு பொந்தியானுக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். கயிற்றில் கிளிப் மட்டும் தொங்கியது. படத்தை எடுத்துப் போயிருக்கிறாள்.

பதினோரு நாள் நான் போன் பண்ணினால் எடுக்கவில்லை. இன்று காலை அவளே கூப்பிட்டாள். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, ஒன்றும் கேட்கவில்லை.

"துணி என்ன கலர்?"

"பச்ச. ஓரத்துல மஞ்சள் தையல்."

"எவ்ளோ கனம் இருந்தா?"

"ஒரு பெட்டி போட்டோ பேப்பர் இருக்கும்ல, நூறு தாள், அவ்ளோதான்."

பிறகு கேட்டாள்.

"சூடா இருந்தாளா?"

"ஏத்தும்போது கொஞ்சம் இருந்துச்சு. பெக்கான் நானாஸ் வரும்போது இல்ல."

"ம்ம்" என்றாள். "நாளைக்கு இன்னும் கேக்குறேன். பார்த்தத மட்டும் சொல்லுங்க." போனை வைத்துவிட்டாள். அவள் திரும்பி வருவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாடி, உன் முகத்தில் இனி நான் எதையும் வரைய மாட்டேன், யாரையும் வரையவும் விடமாட்டேன். நாளைக்கு அவள் கேட்பாள், நாளன்றைக்கும் கேட்பாள். எத்தனை வருஷம் கேட்டாலும் தெரிந்ததைச் சொல்வேன். உன் வாயைப் பற்றிக் கேட்டால், பார்க்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னை மடியில் வைத்திருந்தும் துணியை விலக்காத
உன் அப்பா