ஆர்டர் எண் முதலில், தேதி பிறகு

வீரபாண்டி,
14.7.2008

அன்புள்ள ஜெபா அண்ணனுக்கு,

சசிகுமார் எழுதுகிறேன். பத்து மாதம் கழித்து வரும் கடிதத்தைப் பிரிக்க உங்களுக்கு மனம் வருமோ என்னவோ. நீங்கள் சாயர்புரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பதாக நம்மோடு வேலை பார்த்த ராபின் சொல்லி முகவரி கொடுத்தான். போன் செய்யத் தைரியம் வரவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே?

நம் பனியன் கம்பெனியின் பேக்கிங் லிஸ்ட் புரோகிராமின் வியாதி இன்னும் தீரவில்லை. ஓர் ஆர்டர் எண்ணும் மூன்று மாதத் தேதியும் கொடுத்தால், நான்கு நிமிடம் கழித்துத்தான் விடை வருகிறது. அதுவரை லாரி வாசலில் நிற்கிறது. அன்றைக்கு உங்கள் மேல் விழுந்த பழி இப்போது வேல்விழி மேல் விழுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். டேட்டா என்ட்ரிக்கு வந்திருக்கிறாள். முதலாளி கந்தப்பன் ஐயா, “ஏனுங்க சசி, அந்தப் புள்ள பட்டனைத் தட்டீட்டுத் தூங்கீருதுங்களா? ஆகஸ்ட் கடைசியோட நிறுத்திப் போடுங்க” என்கிறார். அவளோ, “அண்ணே, நான் என்ன செய்ய? அதுதான் ரோசனை பண்ணிக்கிட்டே இருக்குது” என்று அழுகிறாள்.

அது எந்த வழியில் தேடுகிறது என்று எக்ஸ்ப்ளெயின் கொடுத்துப் பார்த்தேன். இண்டெக்ஸைப் பயன்படுத்துவதாகத்தான் காட்டுகிறது. பிறகு ஏன் தாமதம்? திரையில் வந்ததை எழுதுகிறேன்:

இண்டெக்ஸ்: தேதி, ஆர்டர் எண். பயன்பட்ட நீளம்: 3. பார்க்கும் வரிகள்: 6,20,418.

கடைசியில் விடையாக வருவது வெறும் 312 வரிகள்.

உங்கள்,
சசி

சாயர்புரம்,
23.7.2008

தம்பி சசிக்கு,

உன் கடிதம் இரண்டு நாள் பிரிக்காமலே மேசையில் கிடந்தது. கல்யாணப் பத்திரிகை வேலை எதுவும் இல்லாத நாளில் பிரித்தேன்.

அந்த ‘நீளம் 3’தான் விஷயம். தேதிக்கு மூன்று பைட். ஆர்டர் எண்ணும் சேர்ந்திருந்தால் பதினேழு வந்திருக்கும். தேதி, ஆர்டர் எண் என்று இரண்டு பத்தி வைத்த இண்டெக்ஸில் அது முதல் பத்தியோடு நின்றுவிடுகிறது. பெயரளவில் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

பண்டல் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கி, ஒவ்வொரு நாளுக்குள்ளும் ஆர்டர்வாரியாக வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொள். ஒரே ஓர் ஆர்டரின் மூன்று மாதச் சீட்டு வேண்டுமென்றால் மூன்று மாதக் கட்டையும் புரட்ட வேண்டும். ஒவ்வொரு நாளிலும் அந்த ஆர்டருக்குத் தாவிப் போகலாமே என்று நமக்குத் தோன்றும், அதற்குத் தோன்றாது. மாறாக, முதலில் ஆர்டர்வாரியாக அடுக்கி அதற்குள் தேதி வைத்தால், அந்த ஒரு கட்டைப் பிரித்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ‘இதுதான்’ என்று கேட்பது முன்னால், ‘இதிலிருந்து இதுவரை’ என்று கேட்பது பின்னால்.

ஆர்டர் எண், தேதி என்ற வரிசையில் இன்னோர் இண்டெக்ஸ் போடு. ஞாயிற்றுக்கிழமை போடு, முடியும்வரை யாரும் என்ட்ரி போட முடியாது.

சசி, ஒன்று கேட்கிறேன். நான் போட்டபோது ஆர்டர் எண்தான் முதலில் இருந்தது. அது தானாக மாறாது.

ஜெபக்குமார்

வீரபாண்டி,
29.7.2008

அன்புள்ள அண்ணா,

ஞாயிறன்று போட்டேன். நீளம் 17, பார்க்கும் வரிகள் 340. விடை ஒரு நொடிகூட ஆகவில்லை. வேல்விழி நம்பாமல் நான்கு தரம் தட்டிப் பார்த்தாள். ஐயாவோ, “திட்டுனதுந்தான் வேலை ஓடுதுங்க பாருங்க” என்கிறார். ஆனாலும் அவளை நிறுத்துவது நிறுத்துவதுதானாம்.

இங்கே கரண்ட் அடிக்கடி போகிறது. ஜெனரேட்டர் சத்தத்தில் தலைவலி. மற்றபடி நலம்.

சசி

சாயர்புரம்,
5.8.2008

சசி,

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அதுவே பதில்.

எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். என் வேலை போனது போனதுதான். ஆனால் அந்தப் பெண் செய்யாத தப்புக்கு வெளியே போகக் கூடாது. அப்படிப் போவது எப்படி என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு, செக்யூரிட்டி பையைத் துழாவும்வரை கேட்டில் நிற்க வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நீயும் பார்க்கவில்லை.

ஐயாவிடம் சொல்.

ஜெபக்குமார்

வீரபாண்டி,
20.8.2008

அண்ணா,

போன செப்டம்பரில் நீங்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, தினசரி உற்பத்தி ரிப்போர்ட் வேகமாக வேண்டும் என்றார் ஐயா. இண்டெக்ஸில் தேதியை முன்னால் கொண்டுவந்தேன். ரிப்போர்ட் பறந்தது. ஐயா முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் பேக்கிங் லிஸ்ட் நின்றது, கப்பல் தவறியது, உங்களைப் போகச் சொன்னார்கள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். சோதித்தால் உண்மையாகிவிடுமே என்று பயந்து, சோதிக்கவே இல்லை.

நேற்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று என் பையையும் எடுத்துக்கொண்டுதான் அறைக்குள் போனேன். ஐயா துணி சாம்பிளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இப்ப வேகமா வருதில்லீங்க? விடுங்க சசி. அந்தப் புள்ள இருக்கட்டும். அவரையும் வேணும்னா வரச் சொல்லுங்க” என்றார்.

அவ்வளவுதான் அண்ணா. இதற்குத்தான் பத்து மாதம் பயந்தேன். மன்னியுங்கள் என்று எழுதவே கூசுகிறது. வந்துவிடுங்கள்.

சசி

சாயர்புரம்,
1.9.2008

சசி,

வேல்விழி வேலையில் இருப்பது நிம்மதி.

நான் வரவில்லை. அந்த ‘வேணும்னா’வை இரண்டு முறை படித்தேன். உன்மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை.

ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். உனக்கு முதல் பதில் எழுதிய அன்று, சாப்பிடக் கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை. உன் அண்ணி வந்து பார்த்துவிட்டு, “என்ன, மூஞ்சி பழையபடி இருக்கு?” என்றாள். வேலை போன பிறகு அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காக உனக்கு நன்றி.

இனி அந்தப் புரோகிராமைப் பற்றி எனக்கு எழுதாதே. வேறு எதையாவது எழுது. பதில் போட எனக்கு நாளாகும்.

ஜெபக்குமார்