இரண்டாவது நட்டு

திருவண்ணாமலை,
25-1-1984, புதன்கிழமை.

அன்புள்ள மகன் அர்ஜுனனுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க அண்ணாமலையார் துணையிருக்கட்டும். வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நான் தபாலில் போட்ட கடிதம் இதற்கு முன் உன் கைக்கு வந்திருக்கும். உன் சிவப்பு வண்டியின் ஸ்டியரிங் நன்றாக ஆகிவிட்டது, நீ தைரியமாகப் பந்தயத்தில் ஓட்டலாம் என்று அதில் எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு. நான் எழுதியது தப்பு. நேற்றுக் காலையில் தந்தியும் கொடுத்தேன். நீ புறப்பட இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே, கடிதமே போதாதா என்று தந்தி ஆபீஸில் கேட்டார்கள். கடிதம் பஹ்ரைனுக்கு என்றைக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன், உடனே படிவத்தை எடுத்துக் கொடுத்தார்கள். தந்தியைப் பார்த்ததும் அப்பாவுக்குத்தான் ஏதோ என்று பதறியிருப்பாய். அப்பா இதோ என் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டியது ஒரு முழம் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், அவசரப்படாமல் படி. நீ டிசம்பரில் சாந்த் பாஷா பாய்க்கு எழுதிய கடிதத்தை அவர் நேரே என்னிடம்தான் எடுத்துக்கொண்டு வந்தார். செங்கம் ரோட்டில் இருபது வருஷமாக லாரியும் பஸ்ஸும் பார்க்கிற மனிதர், உன் வண்டியையும் இந்த மூன்று வருஷமாகத் தன் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார், ஆனாலும் நீ எழுதியது அவருக்குப் பிடிபடவில்லை. நீ கடைசியாக ஓட்டியபோது கண்டதை வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு விரல் திருப்பின பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகிறது, கியர்க் கம்பு நீளமாக ஆடிக்கொண்டிருக்கிறது, மணிக்கட்டை அசைத்தால் கியர் விழ வேண்டும் என்று எழுதியிருந்தாயே. "லாரிக்கு இதெல்லாம் யாரு டீச்சரம்மா கேக்கறாங்க, ஓடுதா நிக்குதான்னுதான் பாப்பாங்க" என்றார். நான் என் பழைய கவராயத்தை எடுத்துவந்து காட்டினேன். திருகு தளர்ந்த கவராயத்தால் வட்டம் போட்டால் கோடு ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேராது, குழந்தைகள் கையைக் குறை சொல்வார்கள், தப்பு கையில் இல்லை என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. நீ நண்பர் மூலம் அனுப்பிய ஸ்டியரிங் மூட்டுகளைப் போட்டார். கியருக்கு அடியில் தேய்ந்து போன புஷ்ஷுக்குப் பதில் லேத்தில் பித்தளையில் கடைந்து வைத்தார், கம்பையும் நீ சொன்ன அளவுக்குக் குறைத்தார். வேலை சுத்தமான வேலை. அதில் நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். உனக்கும் தெரியும், எந்த வண்டியைப் பழுது பார்த்தாலும் அவர் ஓட்டிப் பார்க்கிற வழி அதுதான். ஷெட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பி, அடி அண்ணாமலை வழியாகப் போய், காஞ்சி ரோட்டைப் பிடித்து, ஊருக்குள் வந்து மறுபடி ஷெட்டு. எல்லாம் வழுவழு என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உனக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். கியரைப் பற்றி நீ தனியாகக் கேட்டிருந்ததை எழுத மறந்துபோனது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்னொரு தடவை உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். முன்பு களி கிண்டுவதுபோல் இருந்தது, இப்போது பெட்டியில் தாழ் விழுகிற மாதிரி டக் டக் என்று விழுகிறது. அதைக் குறித்துக்கொண்டேன். ஊருக்குள் வந்தபோது, நாங்கள் நேரே போகிற தெருவில் கரும்பு லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. போலீஸ்காரர் எல்லா வண்டியையும் இடப்பக்கத்துச் சந்தில் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பாயும் இடப்பக்கம் ஒடித்தார். பாதி திரும்பியதும் ஸ்டியரிங் நின்றுவிட்டது. சுவரில் முட்டியதுபோல் நின்றது. அவர் இரண்டு கையாலும் இழுக்கிறார், அது வரவில்லை. சந்துக்குள் போக வேண்டிய வண்டி மூலையில் இருந்த விளக்குக் கம்பத்தை நோக்கிப் போகிறது. கம்பத்தடியில் பூக்காரி பச்சையம்மாள் குனிந்து சரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி சாக்கடைப் பலகைமேல் ஏறி, கூடையை நசுக்கி, அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அவள் எழுந்து நின்று ஆரம்பித்தாள் பார். "யோவ் பாய், கண்ணை எங்கய்யா மலை உச்சியிலயா வெச்சிருக்க, மனுசி குந்தினு இருக்கறது தெரியல?" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அடப் பாவமே, டீச்சரம்மாவும் இதுல கூட்டா? ரோட்டு ஓரமா நடக்கணும்னு எம் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே!" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாட்டுவண்டி வேகத்தில் வந்தோம், அர்ஜுனா. நீ சோழவரம் பந்தயத்தில் எந்த வேகத்தில் திருப்புவாய் என்பதை நினைத்துப் பார்த்தேன், இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வண்டியைக் கையால் தள்ளி ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். பாய் அடியில் படுத்து வெகு நேரம் பார்த்தார். வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து கீழே ஒரு இரும்புக் கை தொங்குகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது ஆடிச் சக்கரத்தைத் திருப்புகிறது, இது உனக்குத் தெரிந்ததுதான். அதில் அளவான போல்ட்டும், கழலாதபடி பின் மாட்டிய நட்டும் போட்டு, வண்டியை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துத்தான் இறக்கியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் சரி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது, அர்ஜுனன் தம்பி ரொம்ப வேகமாகப் போகுமே, நட்டு கழன்றுவிட்டால் என்ன ஆவது என்று மனசு கேட்கவில்லையாம். அந்தப் போல்ட்டைக் கழற்றிவிட்டு நீளமான போல்ட்டாகப் போட்டு, முதல் நட்டுக்கு மேலே இரண்டாவதாக ஒரு நட்டையும் இறுக்கியிருக்கிறார். வலப்பக்கம் திருப்பும்போது அந்தக் கை வண்டியின் அடிச்சட்டத்தை விட்டு விலகிப் போகிறது. இடப்பக்கம் திருப்பும்போது சட்டத்தை நோக்கி வருகிறது. நீண்டிருந்த போல்ட் முனை சட்டத்தில் போய் முட்டியிருக்கிறது. இரும்பில் பளபளவென்று தழும்பு இருந்தது, எனக்கும் காட்டினார். உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று போட்ட நட்டு.

அப்படியானால் சனிக்கிழமை மலையைச் சுற்றியபோது ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பதிலையும் நானே கண்டுபிடித்தேன். இந்த ஊரில் யார் போனாலும் மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டுதானே போகிறோம். ஷெட்டும் மலைப் பக்கம். புறப்படுவதிலிருந்து உள்ளே நுழைவதுவரை ஒரு இடத்திலாவது இடப்பக்கம் ஒடித்துத் திருப்புகிற வேலை கிடையாது. இருபது வருஷமாக அவர் ஓட்டிப் பார்த்த அத்தனை வண்டியும் அப்படித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, விடைத்தாளில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, திருப்பிப் பார்க்காமலேயே நூற்றுக்கு நூறு போட்டு உனக்கு அனுப்பிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவள் செய்கிற காரியமா அது.

பாய் என்னிடம் ஒன்று கேட்டார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "தம்பிக்கு இத எழுதாதீங்க டீச்சரம்மா. அது என்னை நம்பி உட்டுட்டுப் போயிருக்குது. இந்த வயசுல என் வேலை தப்புன்னு அது வாயால கேக்கணுமா" என்றார். உள்ளே அவர் மனைவி குர்ஷித் பேகம் எனக்குப் போட்டுக்கொண்டிருந்த டீயை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். நான் யோசித்தேன். எழுதாமல் விட்டால் என் சனிக்கிழமைக் கடிதம் மட்டும் உன்னிடம் இருக்கும், அது பொய்யாகவே இருக்கும். எழுதித்தான் ஆக வேண்டும் பாய், ஆனால் என் தப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் உங்கள் தப்பை எழுதுவேன் என்றேன். அப்படியே எழுதியிருக்கிறேனா இல்லையா, மேலே பார்த்துக்கொள்.

அவர் தம்பி அய்யூப்தான் நாளை வியாழக்கிழமை வண்டியை மெட்ராஸுக்கு எடுத்துப்போவதாக இருந்தது, நீயும் விமானத்தை விட்டு இறங்கி நேரே பந்தய மைதானத்துக்குப் போய்விட்டு அப்புறம்தான் வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அய்யூப் சிரித்தான். "ஒரு நட்டுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? கழட்டினோம், பழைய போல்ட்டைப் போட்டோம், முடிஞ்சுது. நான் சொன்ன நாளுக்குக் கிளம்பறேன்" என்றான். இடப்பக்கம் வேறு என்ன தப்பு இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா, யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். மலையை ஒரு தடவை எதிர்வழியாகச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று எனக்கு வாய் தவறி வந்துவிட்டது. பாய் உடனே தலையை ஆட்டினார். "அது மட்டும் என்னால ஆகாதும்மா. நடந்து வர்றவங்க முகத்துக்கு நேரா எப்படி ஓட்டறது. நாளைக்கு ஊர்ல ஒண்ணு ஆச்சுன்னா, பாய்தான் எதிரா சுத்தினான்னு சொல்லுவாங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் கேட்டிருக்கவே கூடாது.

அதனால் நேற்று மத்தியானம் பழைய போல்ட்டைப் போட்டபிறகு வண்டியை எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இப்போது தலைமையாசிரியையாக இருக்கிற மணியம்மாள் என்னோடு வேலை பார்த்தவள், மறுக்கவில்லை. விளையாட்டு விழாவுக்கு வைத்திருந்த சுண்ணாம்புத் தூளால் நானே ஒரு பெரிய எட்டுப் போட்டேன், ஒரு வளையம் வலம், ஒரு வளையம் இடம். பாய் ஓட்ட, அய்யூப் தரையில் உட்கார்ந்து முன்சக்கரத்தைப் பார்க்க, நான் இடப்பக்கத்து வளையங்களை மட்டும் எண்ணினேன். இடைவேளை மணி அடித்ததும் பெண் பிள்ளைகள் எல்லாம் வேலியோரம் வந்து, "பாய், எங்களையும் ஏத்திக்கோங்க" என்றும் "டீச்சர், பாயிக்கு எத்தினி மார்க்கு" என்றும் ஒரே கூச்சல். பன்னிரண்டாவது வளையத்தில் அய்யூப் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். மூட்டு மாற்றும்போது பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயை அவிழ்த்து, திரும்பக் கட்டும்போது கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டியிருந்தார்கள். முழுக்க இடப்பக்கம் திரும்பும்போது டயர் அதை உரசியிருக்கிறது. குழாயில் நகக்கீறல்போல ஒரு கோடு. திங்கட்கிழமை எங்களை நிறுத்திய பிரேக் அதுதான், அர்ஜுனா. அய்யூப் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "நான் எடுத்துனு போயிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான். குழாயைப் புதிதாகப் போட்டு உள்தள்ளிக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாற்பது வளையம் எண்ணினேன், எங்கும் தட்டவில்லை. இன்று காலையிலும் பார்த்தோம், தட்டவில்லை.

இப்போது வண்டி சரியாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று மட்டும்தான் எழுதுவேன், சனிக்கிழமைபோல் இனி எழுத மாட்டேன். பந்தயத்துக்குப் போகாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, சொன்னால் நீ கேட்கமாட்டாய், கேட்டாலும் மனசு உடைந்து கேட்பாய், அதனால் சொல்லவில்லை. வேறு ஒன்று சொல்கிறேன். நேற்று மைதானத்தை விட்டுக் கிளம்பும்போது பாய் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "தம்பி வந்து அடியில படுத்துப் பாத்து, அதுக்குத் திருப்தி ஆவட்டும். அதுவரைக்கும் எங்கிட்ட வேணாம், அய்யூப் கிட்டயும் வேணாம்" என்றார். நான் மறுக்கவில்லை. சாவி என் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. மெட்ராஸுக்கு அனுப்ப மாட்டேன், ஆள் வந்து கேட்டாலும் தர மாட்டேன், அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நட்டைப்போல நானும் ஒரு பெரிய முட்டுக்கட்டை என்று அவர் சிரிக்கிறார், ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் நான் சொல்லி முடித்ததும் விடிஞ்சதும் முதல்ல தந்தி, அப்புறம்தான் காபி என்று சொன்னவர் அவர்தான்.

ஆகவே விமானத்தை விட்டு இறங்கியதும் பஸ் ஏறி நேரே வீட்டுக்கு வா. முதலில் சாந்த் பாஷா பாய் வீட்டுக்குப் போ, அவர் பேசுவதற்கு முன்னால் நீ பேசிவிடு, சோழவரத்துக்குக் கூட வரும்படி அவரைக் கூப்பிடு. போகிற வழியில் பச்சையம்மாளையும் பார்த்துவிட்டுப் போ, உன்னைத் திட்ட வேண்டும் என்று நேற்றும் இன்றும் என்னிடம் சொன்னாள், அதை வாங்கிக்கொள். கீழ்பென்னாத்தூரில் உன் தங்கை சரசுவுக்கு மாசி கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், மாமா வருவார் என்று இப்போதே வயிற்றைத் தடவிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேர்க்கடலை வறுத்து டின்னில் போட்டிருக்கிறேன், அனுப்பமாட்டேன், அதுவும் இங்கேதான் இருக்கும். எட்டு அழியாமல் இருக்க மைதானத்தில் யாரையும் விளையாடவிட வேண்டாம் என்று சொல்ல முடியாது, அழிந்தால் நான் மறுபடி போட்டுத் தருகிறேன். நீ ஓட்டு, நான் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எண்ணுகிறேன். நாற்பது ஆனதும் சாவி உன்னுடையது.

தீர்க்காயுசாக இரு, எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும் என்று நானும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரி மட்டுமாவது உடனே தந்தி கொடு, அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
வே. ராஜம்மாள்.