திரும்பி வருவான் என்று நீங்கள் போட்ட கையெழுத்து

என் ஆசை அப்பாவுக்கு,

எனக்கு இங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. மெல்பேர்ன் கூட்டாளிகள் கேக் வெட்டினார்கள். என் பங்கை அப்படியே வைத்துவிட்டேன், உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டில் என் படிப்பு விசாவுக்குப் பத்திரம் எழுத நாம் இருவரும் பதுளைக்கு பஸ் ஏறிப் போனோமே! டைப் அடிக்கிற யாழ்ப்பாணத்து ஐயா சொன்னார்: "படிப்பு முடிய மகன் கட்டாயம் திரும்பி வருவார் எண்டு தகப்பன் எழுதிக் குடுத்தால்தான் விசா குடுப்பாங்கள்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குப் புரிந்தது. நீங்களோ தோள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டீர்கள். "நான் சொன்னா சொன்னதுதாங்க. இவன் வந்துருவான்." அதெல்லாம் சும்மா எழுதுவது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பாவி, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு பஜாரில் பால் ஊற்றாத பிளேன்டியும் வடையும். உங்கள் வடையையும் என் தட்டில் வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்லடா" என்றீர்கள். காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த வடை மாதிரி வடை நான் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை அப்பா.

வீட்டில் ஒருவராவது தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்து அறை நமக்கு. அதற்காகவே வயதான பிறகும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் போய் நின்றீர்களாம். "பெரியவன் வந்தா எங்க படுப்பான்?" என்பீர்களாம். நானோ முதல் வருடமே இங்கு தங்குவதென்று முடிவெடுத்துவிட்டு, கொஸ்லந்தக் கடைக்கு போன் எடுத்து, உங்களைக் கூப்பிடச் சொல்லி, "அடுத்த வருஷம் வர்றேன்ப்பா" என்று அளந்துகொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் கேட்காமல் இருந்தீர்களா?

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இப்போது அம்மா முழங்கால் வலியோடு கொழுந்து பறிக்க மலையேறுகிறாள். போன வாரம், "வேலைய விட்டுடும்மா" என்றேன்.

"விட்டா அறைய எடுத்துக்குவாங்கடா. அப்பா ஒப்பம் வச்சுக் குடுத்த வாக்கு. நீ வந்து தெருவுலயா நிப்ப?"

போனை வைத்துவிட்டு அழுதேன்.

இந்த ஞாயிறு அம்மாவிடம் சொல்லிவிடுவேன் அப்பா, நான் வரப்போவதில்லை என்று. இங்கே வரச் சொல்வேன். மாட்டேன் என்றால் பதுளையில் வீடு பார்த்துக் கொடுப்பேன். ஏசுவாள், ஏசட்டும். வாக்கு தவறியவன் நான்தான், நீங்கள் இல்லை என்றும் சொல்வேன். திங்கட்கிழமை காலை, வராத மகனுக்காக அம்மா மலையேற மாட்டாள். இது நான் போடும் கையெழுத்து.

உங்கள் பெரியவன்,
செல்வராசா