கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்

ஞாயிறு, ராத்திரி.

ஆழ்வார்பேட்டை குறும்பட விழாவில் இன்று என் படம் போட்டார்கள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்காவைப் பற்றிய படம். அக்கா பட்டுப்புடவை கட்டி, ஒரு ஷேர் ஆட்டோ நிறையச் சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா நைனா, முடிஞ்சிருச்சா? அவுரு எப்ப வருவாரு?"

அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் போன ஆடியில் இறந்துபோனார். அவர் வலையைச் சரிசெய்கிற மாதிரி ஒரே ஒரு ஷாட்தான் எடுத்திருந்தேன். நடுவில் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்று எடிட்டிங்கில் தூக்கிவிட்டேன். அவர் போன பிறகாவது சேர்த்திருக்கலாம். தோன்றவே இல்லை. முட்டாள்.

"நாளைக்கு போன்ல அனுப்புறேன்க்கா" என்றேன்.

"அவரு மூஞ்சிய பெருசா பாக்கலாம்னுதான் எல்லாரையும் இட்டுக்கினு வந்தேன்."

கோபமே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

எடிட்டிங்கில் கடல்காற்று இரைச்சல் என்று சத்தத்தை அணைத்தே பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து இப்போதுதான் அந்த ஷாட்டைச் சத்தத்தோடு போட்டேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்கிறது: "இன்னாய்யா இளிக்கிற, வேலையப் பாரு."

அண்ணன் கேமராவைப் பார்க்கவே இல்லை.