பத்து மடங்கு இரண்டான கதை

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நானும் குதிரைகளும் சுகம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் ஒரு கூத்து, நீ சிரிக்கத்தான் எழுதுகிறேன். நான் குளிப்பாட்டும் சாம்பல் குதிரை நல்ல துடிப்பில் இருந்தது. ஜெயித்தால் பத்து மடங்கு என்று பந்தயப் பலகையில் காட்டியது. வாய் சும்மா இருக்காமல் அறையில் கூடத் தங்கியிருப்பவர்களிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் சேர்த்துப் பணம் கட்டப் போன எங்கள் அறைச் சமையல்காரர் அதை மைதானம் முழுக்கப் பரப்பிவிட்டார். ஆளாளுக்கு அதன் மேலேயே கட்டினார்கள். குதிரையும் ஜெயித்தது. கைக்கு வந்ததோ இரண்டு மடங்குதான்!

“பத்துன்னு சொன்னியேப்பா?” என்று சண்டைக்கு வந்தார்.

“பந்தயம் தொடங்குற வரைக்கும் அது மாறும்ணே. எல்லாரும் கட்டின காசைத்தானே ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்குறாங்க? ஆள் கூடினா பங்கு குறையாதா?”

அன்றிலிருந்து அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. குதிரையிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். குதிகால் வெடிப்புக்குக் களிம்பு அனுப்பு. கூடவே பாப்பாவின் பழைய ரிப்பன் ஒன்றும் வை, பெட்டிச் சாவியில் கட்டிக்கொள்ள.

லாயத்தில் கூப்பிடுகிறார்கள். அந்தப் பத்து மடங்கை நம்பித்தான் ஊருக்கு வர விமான டிக்கெட்டுக்கு நாள் பார்த்திருந்தேன். பிறந்தநாளுக்கு அப்பா வருவார் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டாயா? இன்னும் சொல்லவில்லை என்றால், சொல்ல வேண்டாம்.