வலது கன்னம்

அக். 6, செவ்வாய்

மழை விட்டு எட்டு நாள். வெயில் பொசுக்குகிறது. டிராம் நின்றதிலிருந்து தாதரில் பஸ்ஸுக்கு அடிதடி. பரேல் போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழியலாம்.

பிரஸ்ஸில் பெரிய சேதி. காலண்டருக்கு முகம் போடுகிற சாவந்துக்குக் கண் மங்கிவிட்டது, ஊருக்குப் போகிறார். இனி முகம் யார்? தேஷ்பாண்டே சார் (இந்த நோட்டில் தே. போதும்) என்னையும் அவனையும் கூப்பிட்டார். ஹேர் ஆயில் காலண்டர். விளக்கு ஏந்திய பெண். ஆளுக்கு ஒரு முகம், கலர் பென்சிலில். தசரா காலை மிஷின் பூஜைக்கு முதலாளி சேட் வருவார். அவர் எந்தப் படத்தைச் சொல்கிறாரோ அதைப் போட்டவனுக்கு இனிமேல் எல்லா முகமும்.

ஒன்பது வருஷமாக நான் வளையல், ஜரிகை, பார்டர். அவன் வந்து ஒன்றரை வருஷம்.

அவன் என்றால் காதர். தாராவி. முழுப் பெயரை எழுதக் கை வரவில்லை. இனி கா.

வீட்டில் கொலு. சுண்டல், கடலை. உப்பு ஜாஸ்தி.

அக். 7, புதன்

என்னிடம் இருப்பது: அத்திம்பேர் கப்பலில் போய்க் கொண்டுவந்த ஜெர்மன் பென்சில், இருபத்து நாலு, தகரப் பெட்டி. மாட்டுங்காவில் வேறு யாரிடமும் கிடையாது. தோல் நிறத்துக்கு மட்டும் ஐந்து.

அவனிடம் இருப்பது: உள்ளூர்ப் பென்சில் ஏழு. எல்லாம் கடித்த நுனி. சீவினால் பாதி உடையும்.

எனக்கு முகம் மாவு பூசினாற்போல வருகிறது. அவனுக்கு முகம் மூச்சு விடுகிறது. நாலு அடி தள்ளி நின்று பார்த்தேன், கிட்டேயும் போய்ப் பார்த்தேன். மஞ்சள் எங்கே முடிந்து ரோஸ் எங்கே ஆரம்பிக்கிறது, தெரியவில்லை. வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, மதியம் ரசம் சாதம் இறங்கவில்லை.

பென்சிலில் இல்லை விஷயம். தேய்ப்பதில் இருக்கிறது.

அக். 8, வியாழன்

தேய்த்துப் பார்த்தவை:
காகிதச் சுருள் - கோடு விழுகிறது.
பஞ்சு - நிறத்தை அது எடுத்துக்கொள்கிறது, தாளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.
விரல் - வியர்வை. பம்பாயில் விரலால் தேய்ப்பவன் முட்டாள்.
மண்ணெண்ணெய் தொட்ட துணி - முதலில் அருமை, கண்ணில் தண்ணீரே வந்தது. ஒரு மணி நேரத்தில் கன்னத்தைச் சுற்றி எண்ணெய் வட்டம். பஜ்ஜி மடித்த தாள்.
கமலாவின் பழைய மல் புடவைத் துணி - சுமார். (பெண்டாட்டிக்குத் தெரியாது.)

கா. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுக்கிறான், தேய்க்கிறான், திரும்பப் பைக்குள். மறைக்கிறான் என்று சொல்ல முடியாது. கேட்டால் சொல்லுவான். ஆனால் நான் எப்படிக் கேட்பது? அவன் வந்த புதிதில் பென்சில் பிடிக்கக் கற்றுத் தந்ததே நான்தான்.

தே. இன்று அவன் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். என் தோள் அதே வரிசையில்தான் இருந்தது.

அக். 9, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வெள்ளி மதியம் கா. தொழுகைக்குப் போவான். சட்டைப் பையில் இருப்பதை மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். பீடிக்கட்டு, சீப்பு, அப்புறம் அது.

தோல். ஆட்டுத் தோலோ என்னவோ, உள்ளங்கை அகலத் துண்டு. ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் பூனை வயிறு போல மெத்து. தாராவியில் அவன் வாப்பாவுக்குத் தோல் பட்டறை. இது அங்கே வெட்டி மிஞ்சியது.

எடுத்துவிட்டேன். என் தகரப் பெட்டிக்குள், அடித் தட்டில்.

நாற்பது வயது.

அக். 10, சனி

கா. மேஜைக்கு அடியில் குனிந்து தேடினான். "சார், இங்கன ஒரு தோலுத் துண்டு கெடந்துச்சு, பாத்தியளா?"

"இல்லையே. என்ன துண்டு?" என்றேன். என் குரல் அத்தனை இயல்பாக இருந்தது.

"சரி, எலி கொண்டு போயிருக்கும்" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தான். கட்டை விரலால் தேய்த்தான். விரல் முழுக்க ரோஸ்.

அக். 11, ஞாயிறு

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கமலா கோவிலுக்குப் போனபின் ஜன்னல் ஓரம். முதலில் வெளிர் மஞ்சள், மேலே ரோஸ், காதுக்குக் கீழே துளி பச்சை, பிறகு தோல்.

வந்துவிட்டது. இடது கன்னம் வந்துவிட்டது! மாவு இல்லை, தோல்தான். ஒன்பது வருஷம் எங்கே இருந்தது இது?

கொஞ்சம் நாறுகிறது. விரல்களை இரண்டு தரம் சோப்புப் போட்டேன். கொலு வைத்த அறைக்குப் போகவில்லை.

அக். 13, செவ்வாய்

இடது கன்னம், நெற்றி, மூக்கு, முகவாய் முடிந்தது. வலது கன்னம் பாக்கி. விளக்கு வெளிச்சம் விழும் பக்கம், அவசரப்படக் கூடாது. நாளை லீவு, நாள் முழுக்க இருக்கிறது.

கா.வின் படத்தை நான் பார்க்கவில்லை. (பார்த்தேன். துணியால் மூடியிருந்தான். ஓரத்தைத் தூக்கினேன். நன்றாக இருக்கிறது. நாசமாய்ப் போக.)

அக். 14, புதன். சரஸ்வதி பூஜை

குளித்துவிட்டு வருகிறேன், மேஜை காலி. கமலா புஸ்தகம், ஸ்ருதிப் பெட்டி, கத்தரிக்கோல், என் பென்சில் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திவிட்டாள். இருபத்து நாலு பென்சிலுக்கும் சந்தனம், குங்குமம்.

"எனக்கு இன்னிக்கு வேலை இருக்கு" என்றேன்.

"பூஜைல வெச்சதை இன்னிக்கு எப்படின்னா எடுக்கறது? நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனதும் எடுத்துக்கோங்கோ." பிறகு, "ஏன்னா, அடித்தட்டுல ஒண்ணு மெத்துனு இருந்துதே, என்னது? அதுக்கும் பொட்டு வெச்சேன்."

"துடைக்கிற துணி."

"துணி மாதிரியே இல்லையே" என்றாள்.

தோல் துண்டு அம்பாள் காலடியில். நான் எதிரே கைகூப்பி. சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள்.

அக். 15, வியாழன். தசரா

காலை ஆறு மணிக்குப் புனர்பூஜை. ஆறேகாலுக்கு உட்கார்ந்தேன். பஸ்ஸுக்கு முக்கால் மணி. ஒவ்வொரு பென்சிலாகத் துடைத்தேன். மஞ்சள், ரோஸ் எல்லாம் அழகாக விழுந்தது. அவசரத்தில் தோலைப் புரட்டிப் பார்க்கவில்லை. வழவழப் பக்கம் சுத்தமாக இருந்தது. கமலா பொட்டை மெத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

ஒரே இழுப்பு. கண்ணுக்குக் கீழிருந்து காது வரை குங்குமம்.

ரொட்டித் துண்டால் ஒற்றினேன். பரவிற்று. ரப்பர் போட்டேன், தாள் பஞ்சாயிற்று. அப்படியே சுருட்டி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மிஷின்களுக்கெல்லாம் சாமந்தி மாலை. தே. என் படத்தை விரித்தார். "இஸ்கோ க்யா ஹுவா? மச்சர் காட்டா?" எல்லோரும் சிரித்தார்கள். என் பெண்ணைக் கொசு கடித்திருக்கிறதாம். சேட் பெடாவை மென்றுகொண்டே அவன் படத்தைக் காட்டி, "யஹீ" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவன் என் மேஜைக்கு வந்தான். பெட்டி திறந்து கிடந்தது. தோல் மேலேயே இருந்தது. எடுத்தான், திருப்பினான், பொட்டைப் பார்த்தான்.

"எங்க பட்டறைத் தோலுக்குப் பொட்டா! பூஜையிலயா வச்சிய?" சிரிக்கிறான், கண் நிறைய. "வேணும்னா கேட்டிருக்கலாமே சார். அங்க மூடை மூடையா கெடக்கு. இத நான் எடுத்துக்கிடுதேன், வாப்பாட்ட காட்டணும்."

திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கை அவனுக்கு வாய்த்திருக்கிறது, சரி. அந்த மனசும் காதருக்குத்தான் வாய்க்க வேண்டுமா?

அவன் போட்ட முகத்தைத் தே. என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜரிகை, பார்டர், வளையல் நான்.

இடது கைக்கு ஆறு வளையல். வலது கைக்கு விளக்கு மறைப்பதால் நாலு போதும்.