சுவருக்குப் பத்தடி முன்னால்

பம்மல்,
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள உதயா,

நாங்கள் இருவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். உடம்பு நலம்தான், மனசு இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிர் தாக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் குட்டையைப் பற்றிச் சொன்னேனே. சுற்றிலும் சிமென்ட் சுவர், டைல்ஸ் நடைபாதை, செல்ஃபி எடுக்க ஒரு பலகை என்று வந்த திட்டத்தை மூன்று தெருக்காரர்கள் சேர்ந்து திருப்பி அனுப்பினோம். மண் கரையே போதும் என்று சண்டை போட்டு வாங்கி, கரையில் நொச்சியும் வெட்டிவேரும் வைத்தோம், ஆகாயத்தாமரையை ஞாயிறு ஞாயிறாக நாங்களே இழுத்துப் போட்டோம். தண்ணீர் போகிற வழியில் கட்டியது எவன் வீடாக இருந்தாலும் இடியுங்கள் என்று கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிக் கத்தியது நான்தான்.

போன வாரம் கொட்டிய மழைக்குக் குட்டையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் சேரவில்லை. பின்தெருவில் ஹஃபீசா வீட்டுக்குள் முழங்கால் வரை இரண்டு நாள் நின்றது. அவள் மகள் ஷபீனாவுக்கு ஒன்பதாம் மாதம். கட்டில் மேல் உட்கார வைத்தே சோறு கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி இப்போதுதான் பிறந்திருக்கிறது, பெரிய மழை இனிமேல்தான். வலி எடுக்கிற நேரத்தில் அந்தத் தெருவுக்குள் ஆட்டோகூட வராது. வெள்ளிக்கிழமை இன்ஜினீயர் வருகிறார், நாங்கள் காட்டும் தடத்தில்தான் குட்டைக்குக் கால்வாய் தோண்டுவார்கள். அதனால் இன்று காலை பெண்கள் பத்துப் பேர், தண்ணீர் ஓடிய ஈரத்தின் மேலேயே கோலமாவைத் தூவிக்கொண்டு ஹஃபீசா வீட்டிலிருந்து கிளம்பினோம். டப்பா அவள் கையில். எனக்குக் கோலம் வராதுக்கா, கோடுதான் வரும், அதுவும் கோணலா வரும் என்றாள். தண்ணி மட்டும் இன்னா ஸ்கேல் வச்சுகினா ஓடுது, நீ போடு என்றாள் எதிர்வீட்டுத் தாயாரம்மாள். எல்லோரும் சிரித்தோம். கோடு நம் வீட்டுப் பின்பக்கம் திரும்பியதும் யாரும் சிரிக்கவில்லை.

நீ ஊருக்கு வந்தால் தங்க என்று கட்டிய அறைதான், உதயா. அதைக் கட்டும் முன் அங்கே ஒரு பள்ளம் இருந்தது, சாக்கடை என்று சொல்லிக்கொண்டோம். உன் அப்பா குடும்பம் ஏர் ஓட்டிய குடும்பம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாதா? தெரிந்தேதான் நான்கு லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டினார், நானும் நின்று பார்த்தேன். இன்று ஹஃபீசா அந்த அறைச் சுவருக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள். மாவு தீந்துபோச்சு சுபத்ராக்கா, வாங்க போலாம் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். டப்பாவில் பாதி இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் அவர்களோடு திரும்பி வந்தேன்.

மத்தியானம் உன் அப்பாவிடம் சொன்னேன். நம்ம வூட்ட நாமளே இடிக்கணுமா, பைத்தியம் புடிச்சுகீதா ஒனக்கு, புள்ள வந்தா எங்க படுப்பான் என்று சத்தம் போட்டார். பதில் நீ சொல்ல வேண்டும். கூடத்தில் படுத்துக்கொள்வேன் என்று நீயே சொல். வெள்ளிக்கிழமைக்குள் சொல். பக்குவமாகப் பேசு, அவர் இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. அதுவும் எனக்குப் பயம்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே.

உன் அம்மா,
சுபத்ரா

பி.கு.: இதை எழுதி வைத்துவிட்டு ஹஃபீசா வீட்டுக்குப் போய் அந்த டப்பாவைக் கேட்டேன். அவள் தரமாட்டேன் என்று அழுதாள். பிடுங்கி வந்து மிச்சம் பத்தடியையும் போட்டு, சுவர் மேலேயும் ஒரு கோடு ஏற்றிவிட்டேன். உன் அப்பா மத்தியானத் தூக்கத்திலிருந்து இன்னும் எழவில்லை. எழுந்ததும் பின்பக்கம்தான் போவார்.